ஒரு கிலோ பிச்சிப்பூ, ஒரு சிறு புட்டி

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர் பனவடலிசத்திரம். இந்த வட்டாரத்தில் மல்லிகையும் பிச்சியும் பயிரிடுவோர் பலர். அவர்களுக்கு விலை சொல்லும் இடம் சங்கரன்கோவில் மலர்ச் சந்தை. முகூர்த்த நாளில் விலை ஏறும். முகூர்த்தம் முடிந்தால் இறங்கும். நெல்லைப் போலப் பூவைக் குதிரில் கொட்டி வைத்து, விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. அப்படியானால் பூவை விட்டுவிட்டு, அதன் மணத்தை மட்டும் பிரித்துச் சேமிக்க முடியுமா?

முடியும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1930-ல் பாரிஸ் நகரின் ழான் பட்டூ நிறுவனம் 'ஜாய்' என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் ஆன்றி அல்மேரா. ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொண்ட ஒரு புட்டிக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் தேவை என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. அங்கே மல்லிகை என்று சொல்லப்பட்டது நம் ஊர்ப் பிச்சிதான். சில மாவட்டங்களில் அதைச் சாதிமல்லி என்பார்கள். தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்.

இந்த விளம்பரக் கணக்கை நாமே சரிபார்க்கலாம். ஒரு கிலோ பிச்சியில் சுமார் 10,000 பூக்கள் இருக்கும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் அவற்றை ஊற வைத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால், மெழுகு போன்ற பொருள் 2.5 முதல் 3 கிராம் வரை கிடைக்கும். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகைப் பிரித்தால் எஞ்சும் தூய மணச்சாறு அதில் ஏறக்குறைய பாதி. ஆக, ஒரு கிலோ பூவுக்கு ஒன்றரை கிராம் கூடத் தேறாது! 30 மில்லிலிட்டர் திரவியத்தில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நம்பத்தக்க கணக்குதான்.

மணம் எப்படி மூக்கை அடைகிறது?

பூவிலுள்ள மணப்பொருள்களின் மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து மூக்கினுள் சென்றால்தான் நாம் மணத்தை உணர்கிறோம். பிச்சியின் முக்கிய மணப்பொருள்களில் ஒன்று பென்சைல் அசிட்டேட். அதன் கொதிநிலை 200 டிகிரி செல்சியசுக்கும் மேல். அப்படியிருக்க, 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் அது எப்படி ஆவியாகிறது என்று நீங்கள் கேட்கலாம். 100 டிகிரியில் கொதிக்கும் நீர், கொடியில் காயும் வேட்டியிலிருந்து ஆவியாகிறதல்லவா? அதுபோலத்தான். ஆவியாதல் எல்லா வெப்பநிலையிலும் நடக்கும், வேகம்தான் மாறும்.

இந்த வேகம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. லினலூலும் பென்சைல் அசிட்டேட்டும் விரைவில் கிளம்பிவிடும். ஜாஸ்மோன், மெதில் ஜாஸ்மோனேட் போன்றவை மெல்லக் கிளம்பும். எனவே வாசனைத் திரவியம் ஒரே மணமாக நிற்பதில்லை. நேரம் செல்லச் செல்ல மாறிக்கொண்டே போகிறது. ஆவியாதலை மட்டுப்படுத்தவே கன்னோசி அத்தர்க்காரர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். பாரிஸ்காரர்கள் அக்காலத்தில் புனுகு, கஸ்தூரி போன்ற கனத்த மணங்களை அடியில் சேர்த்தார்கள். பழைய புட்டியை இன்று திறந்தால் முதலில் எழும் மணம் மங்கியிருப்பதும், அடி மணம் நிலைத்திருப்பதும் இதனால்தான். ஒளியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும்கூட இதற்குத் துணை போகின்றன.

பிச்சியில் சிறிதளவு இண்டோல் என்ற பொருளும் உண்டு. தனியே செறிவாக முகர்ந்தால் அது அந்துருண்டையையும் மலத்தையும் நினைவூட்டும். மிகச் சிறிய அளவில் அதுவே பூமணத்துக்கு ஆழம் தருகிறது. பொருள் ஒன்றே, அளவு மாறினால் மணமும் மாறுகிறது.

பறித்த பின்னும் வேலை செய்யும் பூ

ரோஜாவைப் போலப் பிச்சியை நீராவியில் காய்ச்சி வடித்தால் அதன் மென்மையான மணம் கெட்டுவிடும். ஆகவே பிரான்சின் கிராஸ் நகரில் முன்பு வேறொரு முறையைக் கையாண்டார்கள். கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பி ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் புதுப் பூவை மாற்றுவார்கள். கொழுப்பு மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரைப்பான் முறையைவிட இம்முறையில் கூடுதலான மணப்பொருள் கிடைப்பதை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய வேதியியலர் ஆல்பர்ட் ஹெஸ்ஸெ கண்டார். காரணம், பறித்த பிறகும் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது! கரைப்பானில் இட்டால் பூ உடனே இறந்துவிடும். கொழுப்பின்மேல் அது மேலும் சில மணி நேரம் உயிரோடிருக்கும்.

தமிழ்நாட்டில் இன்று கரைப்பான் முறையில் மணச்சாறு எடுக்கும் ஆலைகள் இயங்குகின்றன; அயல்நாட்டு வாசனைத் தொழிலுக்கு நம் பூ போகிறது. அப்படியானால், விலை சரிந்த மாலையில் சந்தையில் மிஞ்சியதை ஆலைக்கு அனுப்பிவிடலாமே? அங்கேதான் சிக்கல். சரம் தொடுக்க நாம் மொட்டாகப் பறிக்கிறோம். மணச்சாற்றுக்கோ முழுவதும் மலர்ந்த பூவை அதிகாலையிலேயே பறித்து, வாடுமுன் கரைப்பானில் இட வேண்டும். வாடிய பூவின் மணத்தைக் காற்று முன்பே கொண்டுபோய்விட்டது. மேலும் ஒரு கிலோ மணச்சாற்றுக்குச் சுமார் 700 கிலோ பூ வேண்டும். ஆகவே எந்தப் பூ சந்தைக்கு, எந்தப் பூ ஆலைக்கு என்பதைப் பறிக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆலை அருகில் இருந்து, விலையும் முன்கூட்டியே பேசப்பட்டால்தான் விவசாயிக்கு அது துணையாகும்.

இன்று மாலை நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வடிதாளில் ஒரு துளி அத்தரை விட்டு உடனே ஒரு முறை, ஒரு மணி கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை முகருங்கள். ஒவ்வொரு முறையும் உணர்ந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பிச்சி மொட்டையும் வைத்து, அதே நேரங்களில் அதையும் முகர்ந்து ஒப்பிடுங்கள்.