பன்னிரண்டு வயதில் மணிமுடி

"சிறுபிள்ளை, இவனுக்கு என்ன தெரியும்?" என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி எண்ணப்பட்ட ஒரு சிறுவன் பல்லவ நாட்டை 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்.

கி.பி. 731-ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தான். காஞ்சியின் அமைச்சரும், கடிகை என்னும் கல்விக்கழகத்தாரும் பல்லவரின் கிளைமரபினனான இரணியவர்மனிடம் சென்று, நாடாள ஒருவனைத் தருமாறு வேண்டினர். அவனுடைய புதல்வர் நால்வரில் மூவர் மறுத்தனர். 12 வயதுப் பல்லவமல்லன் மட்டும், தான் செல்வதாகக் கூறினான். அவன் வயதை எண்ணித் தந்தை தயங்கினான். பெரியோர் தேற்றிய பின்னரே விடைகொடுத்தான்.

சிறுவன் இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடினான். முடிசூடுவது எளிது, அதைக் காப்பது அரிதன்றோ? சித்திரமாயன் என்பவனுக்குத் துணைநின்ற தமிழ் மன்னர்கள் நந்திவர்மனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டனர். படைத்தலைவன் உதயசந்திரன் அவனை மீட்டான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே கைப்பற்றினான். ஆயினும் நந்திவர்மன் தளராது மீண்டும் அரசு நடத்தினான்.

தோழியரே, செய்யூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும்போது வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றைப் பாருங்கள். அவன் முடிசூடிய வரலாறு சிற்பங்களாகவும் கல்வெட்டாகவும் அங்கே உள்ளது. மற்றவர் பின்வாங்கிய வேளையில் முன்வந்த துணிவும், உடன்நின்றோரின் உறுதுணையுமே அச்சிறுவனை அரசனாக்கின.