குடமும் ஜெனரேட்டரும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று, பொழுது விடியும் முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சுனாமிக்குப் பிறகு கேட்பாரற்றுக் குவிந்த பழைய துணிகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோமே, அதே கடற்கரை. இந்த முறை எச்சரிக்கையில் குறை சொல்ல முடியாது. 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குப் போய்விட்டார்கள். சிக்கல் விடிந்த பிறகுதான்.

ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமாகிவிட்டன. கம்பம் சாய்ந்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதானே என்று பட்டணத்துக்காரர் நினைப்பார். கிராமத்தில் முதலில் நின்றுபோவது குடிதண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. மேல்நிலைத் தொட்டியும் உடையாமல் நிற்கிறது. நடுவே இருக்கும் மோட்டார்தான் ஓடவில்லை. ஊர் ஊராக ஜெனரேட்டரைக் கொண்டுபோய், தொட்டி நிரம்பும்வரை ஓட்டி, பிறகு அடுத்த ஊருக்கு நகர்த்தினார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகத் தண்ணீர் பாட்டிலும் வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர்களின் மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டில் குடித்ததும் தீர்ந்துவிடும். டீசல் இருக்கும்வரை ஜெனரேட்டர் நாளைக்கும் தண்ணீர் ஏற்றும். புயலுக்கு முன்பே போட்டுவைக்க வேண்டிய கணக்கு இதுதான். எந்த ஊரில் எத்தனை தொட்டி, எத்தனை ஜெனரேட்டர் வேண்டும், அவை எங்கே நிற்கின்றன, டீசலுக்கு யார் பொறுப்பு?

வந்த வண்டிகளும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. உள்சாலைகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன. நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் வண்டிகளை மறித்தார்கள் (பசித்தவன் மறிக்கத்தான் செய்வான்). உள்ளடங்கிய ஊர்கள் தார்ப்பாய்க்கும் மெழுகுவத்திக்கும் காத்துக்கிடந்தன. அரிசியைவிட மரம் அறுக்கும் இயந்திரம் முந்திப் போக வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

ஒடிசாவுக்கு இது முன்பே தெரியும். 1999 அக்டோபர் பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம் அது. அதன்பின் கடலோரமெங்கும் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள். மற்ற நாட்களில் பல மையங்கள் பள்ளிக்கூடங்கள். ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், சமையல் பாத்திரம் எல்லாம் அங்கேயே இருக்கும். பராமரிப்பு உள்ளூர்க் குழுவின் பொறுப்பு. புயலடித்த மறுநாள் இவற்றுக்காக யாரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 2013இல் பைலின் புயலுக்குச் சுமார் பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள். பலி ஐம்பதைத் தொடவில்லை.

அந்த ஒடிசாவும் 2019 மே 3 அன்று தடுமாறியது. ஃபானி புயல் கடலோரத்தோடு நிற்காமல் தலைநகர் புவனேஸ்வரத்துக்குள்ளும் புகுந்தது. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் மேலே ஏறவில்லை. கடலோரக் கிராமத்தில் தயாராக இருந்த ஜெனரேட்டர் நகரத்து மாடி வீட்டுக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)