‘பாட்டொன்று சொல்லுங்கள்’

அயர்லாந்தின் மேற்குக் கடலோரச் சிற்றூர்களில் ஒருவரைப் பாடுமாறு வேண்டுவோர், ஐரிஷ் மொழியில் ‘பாட்டொன்று சொல்லுங்கள்’ என்றே கேட்பர். அம்மக்களின் இசைமரபை விளக்க இவ்வழக்கு ஒன்றே போதும். ‘பழைய முறை’ என்னும் பொருளில் ‘ஷான் நோஸ்’ என வழங்கும் அம்மரபில் குழலில்லை, நரம்புக் கருவியில்லை. ஒற்றைக் குரல் மட்டுமே உண்டு. அக்குரலும் சொல்லுக்கு ஏவல் செய்வதே.

சீரான தாளக்கட்டுக்குள் நில்லாமல், செய்யுளின் ஓசையைப் பின்பற்றிப் பாட்டு நீண்டும் குறுகியும் செல்லும். ஓரசையைப் பல சுரங்களில் இழைப்பர். முதற்கண்ணியில் இழைத்தவாறே அடுத்த கண்ணியிலும் இழைப்பதில்லை. கொனமாராப் பகுதியில் இவ்வணி மிகுதி. வடக்கே டொனிகாலில் குறைவு. குரலை ஏற்றியிறக்கி அழுகையைக் காட்டும் நடிப்புக்கு இங்கு இடமில்லை. பாடுவோர் கண்மூடியிருப்பர், அருகிலிருப்பவர் அவர் கையைப் பற்றி மெல்லச் சுழற்றுவதும் உண்டு. இறுதிச் சொற்களை இசையின்றிப் பேசியே முடிப்பாரும் உளர். இதனை இசை என்பதினும் செய்யுளின் ஒரு நிலை என்பதே பொருந்தும்.

பாட்டின் பின்னுள்ள நிகழ்ச்சியை அறிந்திருத்தலும் இன்றியமையாதது. 1828இல் கால்வே சந்தைக்கு மக்களையும் ஆடுகளையும் ஏற்றிச் சென்ற படகொன்று கோரிப் ஏரியில் மூழ்கியது. ஆட்டின் கால் பட்டு அடிப்பலகை உடைந்தது என்பர். மாண்டோர்க்காகக் கண்பார்வையற்ற புலவர் ராப்டரி பாடிய இரங்கற்பா இன்றும் வழக்கிலுள்ளது. அவ்விழப்பை அறியாதவர்க்கு அது வெறும் மெட்டே.

ஆகவே மொழி தேய்ந்தால் இம்மரபும் தேயும். 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதற்குக் குறையாதோர் நாடு நீங்கினர். ஐரிஷ் பேசிய ஏழைச் சிற்றூர்களையே அது கொடிதாகத் தாக்கியது.

அம்மொழி நிலைத்து நின்ற கொனமாராவின் கார்ணாவில் 1919இல் பிறந்தவர் ஜோ ஹீனி. நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் வைத்திருந்த அவர், பிழைப்புக்காக நியூயார்க் சென்று அடுக்குமாடிக் கட்டடமொன்றில் வாயிற்காவலராகப் பணிபுரிந்தார். பின்னர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. 1982இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருதும் கிட்டியது. தாயகத்தில் 1972 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் ‘ரியாதா கிண்ணம்’ போட்டியில் வெல்வதே இன்று இக்கலைஞர்க்குப் பெருஞ்சிறப்பு. 1984இல் மறைந்த ஹீனியின் உடல் கார்ணாவிற்குக் கொண்டுவரப்பட்டது. மாணவர்க்கு அவர் பாடிக்காட்டிய ஒலிநாடாக்கள் சியாட்டிலிலேயே தங்கிவிட்டன.