தாதகுணி ஏரித்தோட்டம்



பெங்களூரிலிருந்து கனகபுரா போகும் சாலையில், நகரத்தைத் தாண்டியதும் தாதகுணி என்று ஓர் இடம் வரும். இன்று மெட்ரோ ரயிலில் சில்க் இன்ஸ்டிட்யூட் நிலையம் வரை போய்விட்டால் அங்கிருந்து சிறிது தூரம்தான். அங்கே ஏறத்தாழ 470 ஏக்கரில், உள்ளேயே ஓர் ஏரியுடன், காடுபோல் அடர்ந்த ஒரு தோட்டம் இருக்கிறது. அதை உண்டாக்கிய கணவன், மனைவி இருவருமே நம்மைப்போல் வெளியூரிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். அதனால் அவர்கள் கதையை நம் சங்க உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கணவர் ஸ்வெட்டஸ்லாவ் ரோரிக், ஓவியர். 1904-ல் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை நிக்கோலஸ் ரோரிக்கும் புகழ்பெற்ற ஓவியர். தந்தையின் உடல்நலத்துக்காக 1916 இறுதியில் குடும்பம் லடோகா ஏரிக்கரையில் உள்ள சொர்த்தவலா என்ற ஊருக்குப் போயிற்று. அது அப்போது பின்லாந்தில் இருந்தது. இன்று ருஷ்யாவில் இருக்கிறது. ஆக, பன்னிரண்டு வயதிலேயே ஏரிக்கரை வாழ்வைப் பார்த்தவர் அவர். பிறகு குடும்பம் பல தேசங்கள் சுற்றி, இமயமலையில் குலு பள்ளத்தாக்கில் வந்து தங்கியது. நமது பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் உள்ள நேருவின் படம் ஸ்வெட்டஸ்லாவ் வரைந்ததே.

மனைவி தேவிகா ராணியை மூத்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1908-ல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வால்டேரில் பிறந்த வங்காளிப் பெண். ரவீந்திரநாத் தாகூருக்கு உறவு. தந்தை சென்னை மாகாணத்தின் முதல் இந்திய சர்ஜன் ஜெனரல். முதல் கணவர் ஹிமான்சு ராயுடன் 1934-ல் பம்பாய் டாக்கீஸைத் தொடங்கினார். 1936-ல் வந்த 'அச்சூத் கன்யா' படம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ராய் 1940-ல் காலமானார். 1945-ல் ரோரிக்கை மணந்ததும் தேவிகா ராணி சினிமாவை விட்டுவிட்டார். தாதா சாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே.

சில ஆண்டுகள் குலுவில் இருந்துவிட்டு இருவரும் பெங்களூர் வந்தனர். தாதகுணியில் பெரும்பகுதி நிலத்தைத் தனியாரிடம் விலைக்கு வாங்கினார்கள். 1954-ல் அரசு 100 ஏக்கர் கொடுத்தது. அது லினலோ மரம் பயிரிடுவதற்காகக் கொடுத்த நிலம்.

லினலோ மெக்சிகோ நாட்டு மரம். அதன் காயின் தோலில் வாசனை எண்ணெய் இருக்கிறது. மணம் லாவெண்டரை ஒத்திருக்கும். எண்ணெய் எடுக்கும் முறை நீராவி எஞ்சின் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். பாய்லரிலிருந்து வரும் நீராவியைக் காய்த்தோல் நிரப்பிய பாத்திரத்தின் வழியே செலுத்த வேண்டும். நீராவி எண்ணெயையும் ஆவியாக்கித் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். குழாயைக் குளிர்ந்த நீரில் சுற்றிவிட்டால் இரண்டும் திரவமாகிவிடும். எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். அதை வடித்து எடுத்து சோப்பு, சென்ட் செய்வோருக்கு விற்பார்கள்.

ரோரிக் 1993 ஜனவரியிலும், தேவிகா ராணி 1994 மார்ச்சிலும் இங்கேயே மறைந்தனர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கதையின் வருத்தமான பகுதி இனிமேல்தான்.

தோட்டத்தின் ஒரு பகுதியை 1991-லேயே விலைக்கு வாங்கிவிட்டதாக ஒரு கம்பெனி உரிமை கோரியது. முதுமையில் அவர்கள் பெயரில் எழுதப்பட்ட பத்திரங்கள் பற்றி வழக்குகள் எழுந்தன. இருவரின் ஓவியங்களும் கலைப்பொருள்களும் சிதறிவிடக் கூடாது என்று 1996-ல் கர்நாடக அரசு தோட்டத்தை எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டமே இயற்றியது. இழப்பீடு 5 கோடி ரூபாய் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கம்பெனி நீதிமன்றம் சென்றது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். ஒருவர் சொத்தை அரசு எடுக்க வேண்டுமானால் சட்டத்தின் அதிகாரமும் பொதுநோக்கமும் வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு விளக்கியது. அதனால் சட்டம் படிப்பவர்கள் இன்றும் தாதகுணி வழக்கைப் படிக்கிறார்கள்.

தம்பதியர் மறைந்து தீர்ப்பு வருவதற்குள் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. மரங்களும் வீடும் அதற்காகக் காத்திருக்குமா?

இதைப் படித்தபோது என் நிலை நினைவுக்கு வந்தது. ஊரில் எங்கள் நிலத்தின் பட்டா இன்னும் என் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. பங்காளிகள் பதினோரு பேர். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதுகூட நின்றுவிட்டது. இங்கே பெங்களூரில் நான் கட்டிய சிறு வீட்டுக்கும் அந்தக் கதி வர வேண்டாம் என்று சென்ற மாதம் உயில் எழுதி வைத்தேன். அதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து மட்டும் அவசியம். கிரயப் பத்திரம், கத்தா, வரி ரசீது எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லியும் விட்டேன்.

ரோரிக்கின் ஓவியங்களைப் பார்க்க விரும்புவோர் குமார கிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். தாதகுணிக்குப் போக நினைப்பவர்கள் உள்ளே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ருஷ்யாவில் பிறந்த ஒருவரும் வால்டேரில் பிறந்த ஒருவரும் இந்த மண்ணைத் தம் ஊராக்கிக்கொண்ட இடம் அது. நாமும் அப்படி வந்தவர்கள்தாமே.