தீட்டத் தீட்ட வாளின் ஆயுள் குறையும்... ஏன் தெரியுமா?

'டீமன் ஸ்லேயர்' அனிமே பார்த்தவங்களுக்கு ஹகனெசுகாவை ஞாபகம் இருக்கும். அரக்கன் தாக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்காம, பழைய வாள் ஒன்றைத் தீட்டிக்கிட்டே இருப்பாரே, அவர்தான்! கதைக்காகக் கொஞ்சம் ஓவர்தான். ஆனா, ஜப்பானில் வாள் தீட்டுவது நிஜமாகவே பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதற்கென்றே 'தொகிஷி' என்ற கைவினைஞர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வாள் மழுங்காது. 'தமேஷிகிரி' என்ற வெட்டுப் பயிற்சிக்குப் பயன்படும் கட்டானாவுக்குத்தான் சிக்கலே. இந்தப் பயிற்சியில், சுருட்டித் தண்ணீரில் ஊறவைத்த தத்தாமி பாயை ஒரே வீச்சில் வெட்டுவார்கள்.

விளிம்பு ஏன் உடையுது?

கட்டானாவைச் சூடேற்றித் தண்ணீரில் முக்குவதற்கு முன்பு களிமண் பூசுவார்கள். முதுகுப் பக்கம் தடிமனாக, விளிம்பில் மெல்லிசாக. விளிம்பு சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும். முதுகு மெதுவாகக் குளிர்வதால் அவ்வளவு இறுகாது. கூர்மை நீடிக்கக் காரணம் விளிம்பின் இந்தக் கடினம்தான். கோணம் தவறி வெட்டினால் சில்லு தெறிப்பதற்கும் அதேதான் காரணம்!

சில்லு பெயர்ந்தா என்ன செய்வாங்க?

பெயர்ந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். அதனால், சுற்றியுள்ள விளிம்பையும் அந்த ஆழத்துக்கு இறக்கணும். வாளின் வடிவம் கெடாமலிருக்க இரண்டு பக்கங்களையும் சேர்த்துத் தேய்க்கணும். கரடுமுரடான கல்லில் தொடங்கி நைஸான கல் வரைக்கும், தண்ணீர்விட்டு, கையாலேயே!

இப்படிப் போன எஃகு திரும்ப வராது. இறுகிய பகுதி விளிம்பை ஒட்டிய ஒரு பட்டை மட்டும்தான். அது தேய்ந்து தீர்ந்தால், அடுத்து வரும் மிருதுவான எஃகில் கூர் நிற்காது. அதனால்தான், ரொம்பச் சின்னச் சில்லுக்காக உடனே தீட்டாமல் விட்டுவைப்பதும் உண்டு.

மெஷினில் தீட்டலாமா?

வேண்டவே வேண்டாம். வேகமாகச் சுற்றும் சாணைச் சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீல நிறமாக மாறினால், அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

இதுக்கு மட்டும் மருந்தில்லை

விளிம்புக்குக் குறுக்கே ஓடும் மயிரிழை விரிசலுக்கு 'ஹகிரே' என்று பெயர். சில்லைச் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது. அந்த வாளால் வெட்டவே கூடாது. வீசும்போது உடைந்து பறந்தால், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்கு முன்பும் பின்பும் வெளிச்சத்தில் விளிம்பைப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்போ பராமரிப்புன்னா என்ன?

* வெட்டி முடித்ததும் ஈரத்தைத் துடைக்கணும். தாமதித்தால் துரு ஏறும்.
* வியர்வையின் உப்பும் துருவைக் கொண்டுவரும். அலகில் விரல் படக் கூடாது.
* கிராம்பு மணக்கும் 'சோஜி' எண்ணெயை மெல்லிசாகப் பூசணும்.

உங்க வீட்டுக் கத்திக்கும் இதே கணக்குதான். எலுமிச்சை வெட்டினதும் கழுவித் துடைங்க. கண்ணாடிப் பலகையிலும் கல் மேடையிலும் வெட்டாதீங்க. அடிக்கடி சாணை பிடிக்கிற வேலை மிச்சம், கத்தியும் மிச்சம்!