பேய்க்கதை எழுதுபவரின் ஒரு கிழமை



பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்பவர்கள் நம்மிடையே பலர். புகையிரதத்தில் பொழுதுபோக்குவதற்காக வாங்கி, இறங்கும்போது ஆசனத்திலேயே விட்டுவிட்டுப் போகும் புத்தகம் என்பதே அதைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம். அப்படியானால் அதை எழுதுபவர் கிழமையில் ஏழு நாளும் என்னதான் செய்கிறார்? பயணம் செய்கிறார். எழுதுகிறார். மனமிருந்தால் நாலு பேருக்கு உதவவும் செய்கிறார். இந்த மூன்றும் வெவ்வேறு வேலைகளா, அல்லது ஒரே வேலையின் மூன்று பகுதிகளா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் தெமோதரையைச் சேர்ந்தவன். பேய்க்கதைக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. எல்லயிலிருந்து புறப்படும் புகையிரதம் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து எங்கள் நிலையத்துக்கு வரும். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, சற்று முன்னர் தான் நின்ற அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளையை நோக்கிப் போகும். 1921ஆம் ஆண்டில் தெமோதரை வரை வந்த பாதை இது. 1924இல் பதுளையை எட்டியது. பாலத்துக்கும் ஒரு பேய்க்கதை உண்டு. தொவில் ஆடும் கலைஞர் ஒருவர் வேடத்துடன் வழியில் வந்துகொண்டிருந்தாராம். எதிரே வந்த வெள்ளைக்கார அதிகாரி அவரைப் பேயென்றே எண்ணிப் பயந்துவிட்டாராம். அந்தச் சந்திப்பில் தொடங்கிய பழக்கந்தான் பாலம் உருவாகக் காரணமாயிற்று என்று ஊரில் சொல்வார்கள்.

பதுளைக்குப் போனால் மேஜர் றொஜர்ஸின் கதை காத்திருக்கும். 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயரெடுத்த அந்த அதிகாரி, 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள சென். மார்க் தேவாலயம் அவருடைய நினைவாகக் கட்டப்பட்டது. நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது மக்கள் வழக்கு.

லயங்களில் நான் கேட்ட கதைகள் வேறு விதமானவை. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள். அது ஆளைப் பலி கொள்ளாமல் இருக்க வேண்டுமென்று ரோதமுனியைக் கும்பிடுவார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச்சாமிக்குப் பூசை வைப்பார்கள். சுரங்கத்தடியில் இரவில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும் என்று கிழவிகள் சொல்வார்கள். மலையைக் குடைந்தபோது மண்ணுக்குள் போனவன் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுடைய விளக்கம். பாதை போட்ட பொறியியலாளர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அந்த மண்வெட்டிக்காரனின் பெயரை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. அவனுக்கு மிஞ்சியது ஒரு பேய்க்கதை மாத்திரமே.

சுரங்கம், சிவப்பு விளக்கு, தனித்து நிற்கும் ஒரு தொழிலாளி ஆகியவற்றைக் கொண்டே உலகின் சிறந்த பேய்க்கதைகளுள் ஒன்றை எழுதியவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ். ‘சிக்னல்காரர்’ என்னும் அக்கதை, அவர் நடத்திய வாரப் பத்திரிகையின் 1866ஆம் ஆண்டு நத்தார் மலரில் வெளிவந்தது. சுரங்க வாயிலருகே காவல் புரியும் சிக்னல்காரர் ஒருவருக்கு, அபாய விளக்கின் கீழ் ஓர் உருவம் தோன்றிக் கையசைக்கிறது. முதன்முறை அது தோன்றிய சில மணி நேரத்தில் அந்தப் பாதையில் பெரும் விபத்து நேர்கிறது. இரண்டாம் முறை தோன்றியபின் புகையிரதத்தில் வந்த ஓர் இளம்பெண் இறக்கிறாள். மூன்றாம் முறையும் அது வருகிறது. ஏதோ ஆபத்து என்பது சிக்னல்காரருக்குத் தெரிகிறது. எங்கே, எப்போது என்பது தெரியவில்லை. மேலிடத்துக்குத் தந்தி அடித்தால் காரணம் கேட்பார்கள். சொல்வதற்குக் காரணம் இல்லை. கடைசியில் அவரே இஞ்சினில் அடிபட்டு இறக்கிறார். இக்கதையில் நம்மை உறையவைப்பது பேயின் உருவமன்று. எச்சரிக்கை கையில் இருந்தும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாத மனிதரின் தவிப்பே.

அத்தவிப்பு டிக்கன்ஸுக்கு எங்கிருந்து வந்தது? 1865ஆம் ஆண்டு யூன் 9ஆம் திகதி அவர் பிரான்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹேர்ஸ்ட் என்னுமிடத்தில், சிறு பாலமொன்றின் மேல் பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தது. வேலை மேற்பார்வையாளர் நேர அட்டவணையைப் பிழையாகப் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடி பிடித்தவரும் நிற்க வேண்டிய தூரத்தில் நிற்கவில்லை. 1,000 யார் தொலைவில் காட்ட வேண்டிய கொடி, சுமார் 550 யாரில் காட்டப்பட்டது. சாரதி அதைக் கண்டபோது நேரம் கடந்துவிட்டது. பத்துப் பேர் இறந்தனர். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்தின் விளிம்பில் சரிந்து தொங்கியது.

உடன் வந்த பெண்களை அவர் முதலில் வெளியேற்றினார். பிறகு தமது தொப்பியில் ஆற்றுநீரை அள்ளிவந்து காயப்பட்டவர்களின் முகத்தைக் கழுவினார். தம்மிடமிருந்த பிராந்தியைக் கொடுத்தார். சிலர் அவர் கண்முன்னே இறந்தனர். இத்தனைக்கும் பிறகே, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கைப்பிரதி பெட்டிக்குள் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடி ஏறி அதை எடுத்து வந்தார். பயணம், உதவி, எழுத்து ஆகிய மூன்றும் ஒரே பிற்பகலில் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. அதன்பின் புகையிரதம் என்றாலே அவருக்கு நடுக்கம். ஆயினும் ஊரூராகச் சென்று தமது கதைகளை மேடையில் வாசிப்பதே அக்காலத்தில் அவருடைய தொழிலாக இருந்ததால், நடுங்கிக்கொண்டே பயணம் செய்தார். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1870ஆம் ஆண்டு அதே யூன் 9ஆம் திகதி காலமானார்.

அவருடைய தருமம் விபத்தன்று மட்டும் பிறந்ததன்று. 1843ஆம் ஆண்டில், தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிய அரசாங்க அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போன அவர், ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். பிறகு மனதை மாற்றிக்கொண்டு ஒரு பேய்க்கதை எழுதினார். அதுதான் புகழ்பெற்ற நத்தார்க் கதையான ‘கிறிஸ்மஸ் கரோல்’. துண்டுப் பிரசுரத்தை ஒருமுறை படித்துவிட்டு எறிந்துவிடுவார்கள் என்பதும், கதை நெஞ்சில் தங்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1858ஆம் ஆண்டில் பத்தாண்டும் நிறையாத இலண்டன் சிறுவர் ஆஸ்பத்திரி ஒன்று பணமின்றித் தவித்தபோது, விருந்தொன்றில் பேசி ஏறத்தாழ 3,000 பவுண் சேர்த்துக் கொடுத்தார். பின்னர் அதே நத்தார்க் கதையை அந்த ஆஸ்பத்திரிக்காக மேடையிலும் வாசித்தார்.

தமிழில் இவ்வழியில் நினைக்கத்தக்கவர் புதுமைப்பித்தன். ‘காஞ்சனை’ கதையைச் சொல்பவரும் ஓர் எழுத்தாளரே. வாசலுக்கு வந்த பிச்சைக்காரிக்கு மனைவி இரங்கி இடங்கொடுக்கிறாள். பயமும் அவளோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வந்தவள் பேயா, பெண்ணா என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. அதே புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’யில் பேயே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் சீரழிவு மட்டுமே உண்டு. இரண்டில் எது அதிகம் பயமுறுத்துகிறது என்று கேட்டால், தோட்டத்துப் பிள்ளையான நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

இனி, எங்கள் பதுளை மாவட்டத்துக்குத் திரும்புவோம். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிக்கொண்டது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாத சனங்கள் அங்கேயே இருந்தார்கள். டிக்கன்ஸின் சிக்னல்காரருக்குத் தோன்றிய உருவம் எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. மீரியபெத்தையில் எங்கே என்பது எழுத்திலேயே இருந்தது.

அதன்பின் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அரிசியும் உடுப்பும் பாயும் வந்து குவிந்தன. அந்த மனிதாபிமானத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாற்று வீடுகளுக்கு 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரிவுக்கு முன்பே அந்த வீடுகள் எழுந்திருந்தால் பாயும் உடுப்பும் தேவைப்பட்டிரா.

எழுத்தாளன் அரிசி மூட்டை சுமந்தால் நல்லது. டிக்கன்ஸ் தொப்பியில் தண்ணீர் சுமந்தார். எனினும் அவனால் மட்டுமே செய்யக்கூடிய தருமம் ஒன்றுண்டு. அறிக்கையாகக் கோப்பில் உறங்கும் எச்சரிக்கையை, படிப்பவரின் முதுகுத்தண்டில் ஏற்றிவிடுவதே அது. அதற்கு அவன் அந்த மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், லயத்துக் கிழவியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். ரோதமுனியைக் கும்பிட்டவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. சக்கரம் கையைப் பிடுங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். முறையிட வேறு இடம் இல்லாததால் முனியிடம் முறையிட்டார்கள்.

இன்றும் ஊவா மலைகளில் அடைமழை பெய்யும் இரவுகளில், சரிவின் அடியிலுள்ள லயங்களில் சனங்கள் விழித்திருக்கிறார்கள். அவர்களுடைய பயத்துக்குப் பேய் தேவையில்லை. அதை எழுதுவதற்குத்தான் ஆட்கள் தேவை.