தெளிப்பான் முனைகளும் அவற்றின் வேலையும்

சிங்கம்புணரிப் பக்கத்தில் நிலக்கடலையும் தென்னையும் பயிரிடுவோர் மருந்தின் பெயரையும் விலையையும் பலமுறை விசாரித்தே வாங்குகின்றனர். அம்மருந்தைப் பயிரிடம் கொண்டு சேர்க்கும் முனையைப் பற்றி, அதாவது கடைகளில் நாசில் என்று வழங்கும் சிறு உறுப்பைப் பற்றி, விசாரிப்பவர் சிலரே. தெளிப்பானோடு எது வந்ததோ அதையே களைக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் உபயோகித்து விடுகின்றனர். மருந்து வீணாவதற்கும், அயலான் பயிர் கருகிக் கிராம அதிகாரியிடம் வழக்கு வருவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

முனையானது நீரை அளந்து விடுகிறது, துளிகளாக உடைக்கிறது, பரப்புகிறது. துளியின் விட்டம் பாதியாகுமாயின் அதே நீரிலிருந்து எட்டு மடங்கு துளிகள் உண்டாகும். அவை இலையை நன்கு மூடும். ஆனால் காற்றில் மிதந்து எல்லை கடந்து போவனவும் அவையே. ஆகையால் நுண்துளி எப்போதும் மேலானதென்று கொள்ளலாகாது.

குழிக்கூம்பு முனையினுள்ளே சுழல் தட்டு ஒன்று உண்டு. அதன் சாய்ந்த வழிகளில் புகுந்த நீர் சுழன்று வெளிப்பட்டு, நடுவிடம் வெற்றாக வளையம்போல் விழும். துளிகள் சிறியன. நிலக்கடலையின் இலைப்புள்ளி நோய்க்கும், இலைகளினூடே தங்கும் பூச்சிகளுக்கும் இதுவே ஏற்றது. களைக்கொல்லிக்கு இதனை உபயோகித்தல் தகாது. 2,4-டி போன்ற மருந்தின் சிறு துளியும் பருத்திக்குப் பெருங்கேடு செய்யும்.

களைக்கொல்லிக்கு விசிறி முனை வேண்டும். இதன் பிளவு வடிவான துளையிலிருந்து நீர் தட்டையாக விரியும். ஓரங்களில் நீர் குறைவாக விழுவதால் அடுத்த நடை முந்திய நடையின் ஓரத்தைச் சற்றே தழுவிச் செல்ல வேண்டும். துளைக்கெதிரே சாய்ந்த தட்டில் நீரை மோதச் செய்யும் முனையும் உண்டு. அதன் துளி பெரிது, காற்றில் அதிகம் பறவாது.

வேகமாகப் பம்பு அடித்தால் நீர் மிகுதியாக வருமென்பது பலருடைய எண்ணம். நீர் இரு மடங்காக வேண்டுமெனில் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அதற்குள் துளிகள் பொடியாகிப் பறந்துவிடும். நீர் போதாவிடில் பெரிய துளையுள்ள முனையை மாற்றுவதே முறை.

முனை தேய்வதைக் கண்ணால் அறிதல் அரிது. ஒரு மீட்டர் அகலத்தில், நிமிஷத்துக்கு 50 மீட்டர் நடப்பவரின் முனை 0.8 லிட்டர் விடுமாயின் ஏக்கருக்கு ஏறக்குறைய 65 லிட்டர், அதாவது 16 லிட்டர் தொட்டி நான்கு, செலவாகும். துளை தேய்ந்து ஒரு லிட்டர் விட்டால் ஐந்து தொட்டியாகும். தொட்டிக்கு இவ்வளவு மருந்தென்று கலப்பவர் கால் பங்கு மருந்தை அறியாமலே கூடுதலாக ஊற்றுகிறார்! ஒரு நிமிஷம் வாளியில் பிடித்து அளந்து, புதிய முனையினும் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால் அதைக் கழித்துவிடுக. பித்தளை முனை தேயும் வேகம் பீங்கானுக்கும் துருப்பிடியா எஃகுக்கும் இல்லை.

2016-இல் பொள்ளாச்சியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னையைப் பற்றினால் நிலைமை வேறு. அங்கே மருந்து தெளித்தால், ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் நன்மைக் குளவியும் மடியும். விசைப் பம்பில் நேர்ப்பாய்ச்சு முனை பொருத்தி, வெறும் நீரையே ஓலையின் அடிப்புறத்தில் பலமாக அடிக்க வேண்டும். உயரத்துக்கு நுண்துளி எட்டாது.

முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவது விஷத்தை உதட்டில் தடவுவதாகும். கம்பியால் குத்தினால் துளை கெடும். நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. வயலுக்குச் செல்லும்போது மாற்று முனை ஒன்றும் கையுறையும் உடனிருக்கட்டும்.